காய்ச்சல் வந்தால் கூலி யார் தருவது?

2021 ஏப்ரலில் எங்கள் ஊரில் கொரோனா தடுப்பூசி என்று வாயெடுத்தாலே பேச்சு நடிகர் விவேக்கிடம்தான் போய் நிற்கும். மக்களுக்குத் தைரியம் வரட்டும் என்று 15ஆம் தேதி சென்னையில் ஊசி போட்டுக்கொண்டவர், 17ஆம் தேதி காலமானார். இதய ரத்தக்குழாய் அடைப்புதான் காரணம், ஊசி அல்ல என்று மருத்துவர்கள் விளக்கினார்கள். அதையே நானும் வீடு வீடாகச் சொன்னேன். தலையாட்டுவார்கள்; வரமாட்டார்கள்.

பக்கத்து வீட்டு அத்தைதான் ஒருநாள் மனதைத் திறந்தார். "சாவுக்கெல்லாம் பயமில்ல கண்ணு. ரெண்டு நாள் காய்ச்சல்ல படுத்துட்டா நூறு நாள் வேலைக்கு எப்படிப் போறது? அந்தக் கூலிய யாரு குடுப்பா?"

வதந்தி வெளியே சொல்லும் காரணம். உள்ளே இருப்பது பெரும்பாலும் இதுபோன்ற கணக்குதான்: கூலி, மாட்டுக்குத் தீவனம், பேரப்பிள்ளைக்குச் சோறு. எனவே ஊசியின் பெருமையைப் பேசுவதை விட்டு, "உங்களுக்கு எந்த நாள் தோது?" என்று கேட்க ஆரம்பித்தேன். அத்தை சனிக்கிழமை வருவதாகச் சொன்னார். அந்த ஆண்டு செப்டம்பர் 12 முதல் ஞாயிறுகளில் நடந்த மெகா தடுப்பூசி முகாம்கள் பிறகு சனிக்கிழமைக்கு மாறியபோது, கூலி வேலைக்காரர்களுக்கு அது பெரிய உதவி என்றே நினைத்தேன். ஒரு ராத்திரி காய்ந்தாலும் மறுநாள் ஞாயிறு, படுத்திருக்கலாம்.

இன்னொன்றையும் கவனித்தேன். கோவிஷீல்டு குப்பி ஒன்றில் 10 பேருக்கான மருந்து இருக்கும். திறந்தால் 4 மணி நேரத்துக்குள் போட்டு முடிக்க வேண்டும், மிஞ்சுவது வீண். இரண்டு பேர் மட்டும் போய் நின்றால், இன்னும் ஆள் சேரட்டும் என்று நர்சம்மா காக்க வைப்பார். வெயிலில் உட்கார முடியாத பெரியவர்கள் திரும்பிவிடுவார்கள். பத்துப் பேராகச் சேர்ந்து ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போனபோது அந்தக் காத்திருப்பே இருக்கவில்லை. தெரிந்த முகங்கள் சுற்றி இருந்ததால் பயமும் பாதி குறைந்தது.

போகிறவர்களிடம் நான் சொன்னது இதுதான்: சாப்பிட்டுவிட்டுப் போங்கள். மருந்து ஒவ்வாமை இருந்தாலோ, ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிட்டாலோ ஊசிக்கு முன்பே சொல்லிவிடுங்கள். போட்ட பிறகு அரை மணி நேரம் உட்காரச் சொல்வதைத் தட்டாதீர்கள். கடும் ஒவ்வாமை மிக அரிது, வந்தால் பெரும்பாலும் அந்த நேரத்துக்குள் தெரிந்துவிடும், அங்கேயே மருந்தும் இருக்கும்.

கைவலி, காய்ச்சல், உடம்புவலி ஓரிரு நாளில் போய்விடும். ஆனால் ஊசிக்கு ஆள் அழைக்கும்போது "ஒண்ணுமே ஆகாது" என்று யாரிடமும் சொல்லாதீர்கள். முன்கூட்டியே சொல்லப்பட்ட காய்ச்சல் யாரையும் மிரட்டுவதில்லை. சொல்லாமல் வந்த காய்ச்சல் தெருவையே ஊசிக்கு எதிராகத் திருப்பிவிடும். அடுத்த சில வாரங்களில் விடாத தலைவலி, மூச்சுத்திணறல், கால்வீக்கம் என்றால் தாமதிக்காமல் மருத்துவரிடம் போகவேண்டும் என்பதையும் சேர்த்தே சொன்னேன்.

இரண்டாம் தவணையில்தான் நிறையப் பேர் விட்டுப்போனார்கள். கோவேக்சினுக்கு இடைவெளி 4 முதல் 6 வாரம்; கோவிஷீல்டுக்கோ மே மாதத்தில் 12 முதல் 16 வாரமாக நீட்டினார்கள். அவ்வளவு நாள் யாருக்கு நினைவிருக்கும்? 2021இல் கோவின் தளத்தில் ஒரே கைப்பேசி எண்ணில் 4 பேர் வரை பதிய முடிந்ததால், யார் எண்ணுக்குச் செய்தி வரும் என்பதும் மறந்துபோகும். எந்த ஊசி, எந்தத் தேதி, யாருடைய எண் என மூன்றையும் ஆதார் நகலின் பின்புறம் எழுதி, ரேஷன் கார்டோடு வைக்கச் சொன்னேன். அப்படி எழுதி வைத்தவர்களை நான் தேடிப்போக வேண்டியிருக்கவில்லை.