வளைந்த ரிம்மை வீட்டில் நிமிர்த்தலாமா?

கேள்வி: மீமுரே போய்வந்தபோது எங்கள் ஜீப்பின் முன் ரிம் கல்லில் அடிபட்டு விளிம்பு வளைந்துவிட்டது. வீட்டிலேயே தட்டி நிமிர்த்தலாமா?
– வாசகர், தெல்தெனிய

பதில்: முதலில் ரிம்மில் காந்தம் வைத்துப் பாருங்கள். ஒட்டினால் இரும்பு, ஒட்டாவிட்டால் அலோய். அலோய் ரிம்மை வீட்டில் தட்ட வேண்டாம். குளிர்ந்த நிலையில் அடித்தால் வெடிப்பு விழும். கண்மதிப்பில் காய்ச்சினால் பலம் குறையும்.

இரும்பு ரிம்மில் வெளி விளிம்பு மட்டும் சற்று மடிந்திருந்தால் தட்டி எடுக்கலாம். காற்றை முழுவதும் இறக்கி, டயரைக் கழற்றிவிடுங்கள். டயர் மாட்டிய ரிம்மில் ஒருபோதும் நெருப்புக் காட்டாதீர்கள். உள்ளே ரப்பர் சூடாகிக் கிளம்பும் வாயுவால் டயர் வெடித்து ஆட்கள் இறந்திருக்கிறார்கள். மடிப்பின் மேல் கெட்டியான மரக்கட்டை வைத்து, கனத்த சுத்தியலால் ஓரங்களிலிருந்து நடுவை நோக்கிச் சிறுகச் சிறுகத் தட்டுங்கள்.

பிறகு வண்டியை ஜக்கில் ஏற்றி, டயர் இல்லாமலே ரிம்மை மாட்டிச் சுழற்றுங்கள். விளிம்பருகே ஒரு கம்பியை அசையாமல் நிறுத்தினால் ஆட்டம் தெரியும். ஒன்றிரண்டு மில்லிமீற்றருக்கு மேல் ஆடினால் அந்த ரிம் உதவாது. டயரைப் பூட்டிக் காற்றடித்ததும் விளிம்பைச் சுற்றிச் சவர்க்கார நீர் பூசுங்கள். குமிழி வந்தால் காற்றுக் கசிகிறது.

நட்டுத் துளைகளைச் சுற்றி வெடிப்போ, நடுத்தட்டில் வளைவோ இருந்தால் வெல்டிங் செய்து ஓட்டாதீர்கள். மகியங்கனை வீதியின் ‘18 வளைவு’ப் பகுதியில் பிரேக் பிடித்து இறங்கும்போது பாரம் முன் சில்லுகளில்தான் விழுகிறது. சிறிது சந்தேகம் இருந்தாலும் ரிம்மை மாற்றிவிடுங்கள்.