கியர் சைக்கிள்: பல்லை எண்ணினால் கால் வலிக்காது

கியர் சைக்கிள் வைத்திருந்தும் ஒரே கியரில் மிதித்து முழங்காலை வருத்திக்கொள்பவர்கள் பலர். கியர் நமக்குப் புதிதாகச் சக்தி தருவதில்லை. வேகத்தைக் குறைத்து விசையைக் கூட்டும், அல்லது விசையைக் குறைத்து வேகத்தைக் கூட்டும். எப்போது எது வேண்டும் என்று தெரிந்தால் போதும்.

1. பெடல் பக்கம் 44 பல், பின்சக்கரத்தில் 11 பல் என்றால், பெடல் ஒரு முறை சுற்ற, பின்சக்கரம் 4 முறை சுற்றும். 26 அங்குலச் சக்கரம் சுமார் 8 மீட்டர் ஓடிவிடும்.

2. பின்னால் 22 பல்லுக்கு மாற்றினால் 2 சுற்று, 4 மீட்டர்தான். ஆனால் அதே மிதிக்குச் சக்கரத்தைத் திருப்பும் விசை இரு மடங்காகும். மேடு ஏறவும் எதிர்காற்றில் போகவும் இதுவே சரி.

3. பின்னால் பெரிய பல்சக்கரம் மேட்டுக்கு, சிறியது சமதரைக்கு. முன்பக்கம் இதற்கு நேரெதிர்.

4. மேடு தொடங்கும் முன்பே கியரைக் குறைத்துவிடுங்கள், அதாவது பின்னால் பெரிய பல்சக்கரத்துக்கு மாற்றிவிடுங்கள். பாதி மேட்டில் அழுத்தி மிதித்தபடி மாற்றினால் செயின் நழுவும்; பல்லும் தேயும்.

5. சிக்னலில் நிற்கப் போகிறீர்களா? மிதித்துக்கொண்டிருக்கும்போதே இரண்டு கியர் குறையுங்கள். கிளம்பும்போது கால் திணறாது.

6. முன்னும் பின்னும் பெரிய பல்சக்கரம், முன்னும் பின்னும் சிறியது என்று வைக்காதீர்கள். செயின் கோணலாக ஓடிச் சீக்கிரம் தேய்ந்துவிடும்.

7. 15 விநாடிக்கு 15 முதல் 20 சுற்று மிதிக்க முடிகிறதா என்று பாருங்கள். முடியாவிட்டால் கியர் அதிகம், குறையுங்கள்.

8. தேங்காய் எண்ணெயைச் செயினில் விடாதீர்கள். பிசுபிசுத்துத் தூசியைப் பிடித்துக்கொள்ளும். செயினுக்கான எண்ணெயைச் சொட்டுச் சொட்டாக விட்டு, பெடலைப் பின்னோக்கிச் சுற்றி, மிஞ்சியதைத் துணியால் துடைத்துவிடுங்கள்.

9. 21 கியர் என்பது முன்னால் 3, பின்னால் 7. இவற்றில் பல ஒன்றுக்கொன்று ஏறக்குறைய ஒரே அளவுதான். சமதரையான ஊருக்குப் பின்னால் மட்டும் 7 இருந்தாலே தாராளம். மேட்டுப்பாங்கான ஊரென்றால், பின்னால் உள்ள மிகப் பெரிய பல்சக்கரத்தில் 28 பல்லாவது இருக்கிறதா என்று கடையிலேயே எண்ணிப் பார்த்து வாங்குங்கள்.