பரிசலும் தோணியும் கட்டுமரமும்

நீந்தக் கற்ற சிறுவன் அடுத்து விரும்புவது துடுப்புப் பிடித்தலேயாம். “எந்தக் கலத்திற் பயிலத் தொடங்கலாம்?” என்று அவன் வினவினால், “எந்த நீரில்?” என்று நாம் திருப்பி வினவுதல் வேண்டும். சிறு கலங்களின் வடிவை வகுத்தது அவை மிதக்கும் நீரே. நம் நாட்டுக் கலங்கள் மூன்றனை ஒப்பிட்டு நோக்கின் இவ்வுண்மை இனிது விளங்கும்.

முதலாவது பரிசல். காவிரி பாறைகளினூடே பாயும் ஒகேனக்கலில் இதனை இன்றும் காணலாம். மூங்கிற் பிளாச்சுகளைக் கூடைபோல முடைந்து, நீர் புகாவண்ணம் அடிப்புறத்தைப் போர்த்து இதனை அமைப்பர். முன்னாளில் விலங்கின் தோலாற் போர்த்தனர். இந்நாளில் பிளாஸ்டிக் தாளும் தாரும் பயன்படுகின்றன. அகன்ற வட்ட வடிவினதாதலின் பரிசல் எளிதிற் சாயாது. அடி தட்டையாதலின் ஆழமற்ற நீரிலும் செல்லும். ஆனால், அதற்கு முன்னும் இல்லை, பின்னும் இல்லை. ஒரு பக்கமே துடுப்பு வலித்தால் நின்ற இடத்திலேயே சுழலும். ஆகவே, பரிசலோட்டி முன்விளிம்பில் இருந்து, இடமும் வலமும் மாறி மாறி நீரைத் தன்பால் இழுத்து வலிக்கின்றார்.

இரண்டாவது தோணி. பாய் விரித்துக் கடல் கடக்கும் பெருந்தோணி அன்று. அடிமரம் ஒன்றைக் குடைந்து செய்யும் சிறு தோணியையே ஈண்டுக் குறித்தோம். அமைதியான கழிக்கு ஏற்றது இது. நீண்டு குறுகியிருத்தலின் நேராகவும் விரைவாகவும் செல்லும். அக்குறுகிய அகலமே அதன் குறையுமாகும். யான் சிறுவனாயிருந்தபோது, கரையில் நின்ற தோழனை அழைக்கத் தோணியில் எழுந்து நின்றேன். மறுகணம் நீரிற் கிடந்தேன். என்னைத் தூக்கிவிட்ட முதியவர், “தோணி உன்னைத் தள்ளவில்லை, தம்பி, நீதான் தோணியைத் தள்ளினாய்” என்றார். முழந்தாளிட்டுத் தாழ்ந்து அமர்ந்தால் உடற்பாரம் கீழே நின்று தோணியை நிலைநிறுத்தும் என்பதை அன்று கற்றேன்.

மூன்றாவது கட்டுமரம். எடை குறைந்த மரங்கள் சிலவற்றைக் கயிற்றாற் பிணைத்தமையால் இப்பெயர் பெற்றது. இதற்குக் குழிந்த உட்புறம் இல்லை; ஆகவே நீர் தங்க இடமும் இல்லை. மேலே ஏறிய அலை மரங்களின் இடையே வடிந்துவிடும். கவிழ்ந்தாலும் மூழ்காது; மீனவர் அதனைப் பற்றி நிமிர்த்தி மீண்டும் ஏறிக்கொள்வர். கரை சேர்ந்ததும் கட்டவிழ்த்து மரங்களை உலர்த்துவர். ஆங்கிலேயரும் இச்சொல்லைத் தம் மொழியில் ஏற்றனர். இந்நாளில் கண்ணாடியிழைப் படகுகள் பெருகியமையால் கட்டுமரம் அருகி வருகின்றது.

அகலம் நிலையைத் தரும். நீளம் விரைவைத் தரும். இம்மூன்றனுள் இரண்டையும் ஒருங்கே நிறையத் தரும் கலம் இல்லை. தொடங்குவோனுக்கு முதலில் வேண்டுவது நிலையே. ஆதலின் அவன் தேங்கிய நீரில், கரையை ஒட்டி, அகன்ற கலத்திற் பயிலுக. அதன்பின் தோணியில் உடலை அடக்கப் பழகுக. அலைகடல் தேர்ந்தவர்க்கே உரியது. எக்கலத்தில் ஏறினும் மிதவைச் சட்டை அணிதலும் அறிந்தவர் ஒருவரை உடன்கொள்ளுதலும் இன்றியமையாதன. நீந்தத் தெரியும் என்னும் செருக்குச் சுழலின்முன் நில்லாது. நீரை அறிந்து கலத்தைத் தேர்பவனே நற்கரை சேர்வான்.