கூலியை நிர்ணயிப்பது யார்?

நம் கல்லூரிப் பொருளியல் மன்றத்தில் நடைபெற்ற பட்டிமன்றத்தின் தலைப்பு, "தொழிலாளரின் கூலியை நிர்ணயிக்க வேண்டியது அரசா? சந்தையா?" என்பதாகும். சீட்டுக் குலுக்கியதில் எனக்குச் "சந்தையே" என்னும் அணி கிடைத்தது. பாடநூலில் படித்த தேவைக் கோட்டையும் அளிப்புக் கோட்டையும் துணையாகக் கொண்டு பேசினேன், கைதட்டலும் கிடைத்தது. அன்று மாலை வீடு திரும்பியபோது, நடவு முடித்து வந்து காலில் ஒட்டிய சேற்றைக் கழுவிக்கொண்டிருந்த என் தாயிடம் தலைப்பைச் சொன்னேன். அவர் சிறிதும் யோசிக்காமல், "ஐப்பசி நடவுல நாங்க கேக்குறதுதான் கூலி, சித்திரையில அவங்க குடுக்குறதுதான் கூலி" என்றார். பட்டிமன்றத்தில் இரு அணியினரும் சொல்லாத செய்தி ஒன்று அந்தச் சொற்களில் இருப்பதாக எனக்குப் பட்டது. அது என்னவென்று ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

சந்தையின் வாதம்

முதற்கண் என் அணியின் வாதத்தை நேர்மையாக எடுத்துரைப்பது என் கடமை. நெல்லுக்கும் துணிக்கும் விலை அமைவது போலவே உழைப்புக்கும் விலை அமைகிறது. அந்த விலையே கூலி. ஆள் குறைவாகவும் வேலை மிகுதியாகவும் இருந்தால் கூலி உயரும். மாறாக இருந்தால் தாழும். அமெரிக்கப் பொருளியல் அறிஞர் ஜான் பேட்ஸ் கிளார்க் 1899இல் வெளியிட்ட நூலில் இக்கருத்தைச் செம்மைப்படுத்தினார். போட்டி தடையின்றி நடந்தால், ஒவ்வொரு தொழிலாளியும் தம் உழைப்பால் உற்பத்தியில் கூடும் மதிப்புக்கு ஈடான கூலியைப் பெறுவர் என்பது அவர் கொள்கை. இதனையே நாம் இறுதிநிலை உற்பத்தித் திறன் கோட்பாடு எனப் படிக்கிறோம்.

இதிலிருந்து ஓர் எச்சரிக்கையும் பிறக்கிறது. அம்மதிப்பைவிட உயர்ந்த கூலியை அரசு கட்டாயமாக்கினால், முதலாளி ஆட்களைக் குறைப்பார். அல்லது இயந்திரத்தை நாடுவார். முதலில் வேலை இழப்பவர் திறன் குறைந்த ஏழைத் தொழிலாளியே. இவ்வாதத்தை எளிதில் ஒதுக்கிவிட முடியாது. காவிரிப் படுகையில் கதிர் அறுத்துக் களத்துமேட்டில் அடித்துத் தூற்றிய வேலையை இன்று அறுவடை இயந்திரம் சில மணி நேரத்தில் முடித்துவிடுகிறது. அறுவடைக் கூலியை நம்பியிருந்த குடும்பங்கள் அந்த வருவாயை இழந்திருப்பதை எங்கள் ஊரிலேயே காண்கிறோம்.

காத்திருக்கும் ஆற்றல்

ஆயினும் இக்கோட்பாட்டின் அடிப்படையில் ஒரு குறை உண்டு. விற்பவரும் வாங்குபவரும் சம நிலையில் நின்று பேரம் பேசுவதாக அது கொள்கிறது. சந்தைப் பொருளியலின் தந்தை எனப் போற்றப்படும் ஆதம் சுமித்தே இதனை ஏற்கவில்லை. 1776இல் வெளிவந்த தம் பெருநூலின் கூலி பற்றிய அதிகாரத்தில், கூலித் தகராறில் முதலாளியால் நெடுங்காலம் தாக்குப்பிடிக்க முடியும் என்றும், தொழிலாளிகளுள் பலரால் வேலையின்றி ஒரு வாரங்கூட ஓட்ட முடியாது என்றும் அவர் எடுத்துக்காட்டினார். முதலாளிகள் கூலியைக் குறைக்க ஒன்றுகூடுவதைத் தடுக்கச் சட்டமில்லை, தொழிலாளர் கூலியை உயர்த்த ஒன்றுகூடுவதைத் தடுக்கவோ சட்டங்கள் பல உண்டு என்று தம் நாட்டின் நிலையையும் சுட்டினார்.

நெல்லைக் குதிரில் இட்டு விலை ஏறும்வரை வைத்திருக்கலாம். உழைப்பை அவ்வாறு சேமித்து வைக்க இயலாது. இன்று விற்காத ஒரு நாள் உழைப்பு என்றென்றைக்கும் இழந்த உழைப்பே. ஐப்பசியில் நாற்று முற்றிவிடுமே என்ற கவலை நிலவுடைமையாளருக்கு. அப்போது அவரால் காத்திருக்க முடியாது. சித்திரையில் வயல் காய்ந்து கிடக்கும்போது அடுப்பு எரிய வேண்டுமே என்ற கவலை தொழிலாளிக்கு. அப்போது இவரால் காத்திருக்க முடியாது. என் தாய் கூறியதன் பொருள் இதுவே: எவரால் காத்திருக்க முடிகிறதோ, அவரே கூலியை நிர்ணயிக்கிறார்.

வேலை கொடுப்போர் சிலராகவும் வேலை தேடுவோர் பலராகவும் இருக்கும் ஊரில் கூலி என்னவாகும் என்பதை ஜோன் ராபின்சன் அம்மையார் 1933இல் நிறைகுறைப் போட்டி பற்றிய தம் நூலில் விளக்கினார். அத்தகைய இடத்தில், தொழிலாளியின் உழைப்பு ஈட்டித் தரும் மதிப்பைவிடக் குறைவான கூலியே கிடைக்கும். அங்கே அரசு ஓரளவு கூலியை உயர்த்தினால் வேலைவாய்ப்புக் குறைய வேண்டும் என்பதில்லை.

இதற்கு ஒரு புகழ்பெற்ற சோதனையும் உண்டு. அமெரிக்காவின் நியூ ஜெர்சி மாநிலம் 1992 ஏப்ரலில் குறைந்தபட்சக் கூலியை மணிக்கு 4.25 டாலரிலிருந்து 5.05 டாலராக உயர்த்தியது. அண்டை மாநிலமான பென்சில்வேனியா உயர்த்தவில்லை. டேவிட் கார்டு, ஆலன் குரூகர் என்னும் இரு அறிஞர்கள் இவ்விரு பகுதிகளிலும் 410 துரித உணவகங்களை ஆராய்ந்து, நியூ ஜெர்சியில் வேலைவாய்ப்புக் குறைந்ததற்குச் சான்றில்லை என 1994இல் எழுதினர். வேறு இரு அறிஞர்கள் சம்பளப் பதிவேடுகளைக் கொண்டு இம்முடிவை மறுத்தனர். விவாதம் நெடுநாள் நீடித்தது. கார்டுக்கு 2021இல் நோபெல் பரிசு கிடைத்தது. கூலியை எவ்வளவு உயர்த்தினாலும் கேடில்லை என்று இதற்குப் பொருளன்று. மிதமாக உயர்த்தினால் வேலை போய்விடும் என்று கண்ணை மூடிக்கொண்டு கூற முடியாது என்பதே பொருள்.

சட்டத்தின் இரு முகங்கள்

அப்படியானால் அரசிடமே விட்டுவிடலாமா? வரலாறு இங்கும் நம்மை எச்சரிக்கிறது. கூலி பற்றிய பழைய சட்டங்கள் பல, தொழிலாளியைக் காக்கப் பிறந்தவையல்ல. இங்கிலாந்தில் 1348இல் பரவிய கொள்ளைநோயில் மக்கள் பெருந்தொகையாக மாண்டனர். ஆள் பஞ்சம் ஏற்பட்டுக் கூலி உயர்ந்தது. உடனே அரசு 1349இல் ஓர் ஆணையும் 1351இல் ஒரு சட்டமும் பிறப்பித்து, நோய்க்கு முந்தைய கூலிக்கு மேல் எவரும் கேட்கலாகாது, கொடுக்கலாகாது என்று தடுத்தது. சந்தை தொழிலாளிக்குச் சாதகமாகத் திரும்பிய வேளையில் அரசு குறுக்கே நின்றது. அன்றைய நாடாளுமன்றத்தில் அமர்ந்திருந்தோர் நிலவுடைமையாளர் அல்லரோ!

தொழிலாளிக்குச் சங்கமும் வாக்குரிமையும் கிடைக்கத் தொடங்கிய பின்னரே சட்டத்தின் முகம் மாறியது. நியூசிலாந்து 1894இல் கூலித் தகராறுகளைத் தீர்க்க நடுவர் மன்றம் அமைத்தது. பிரிட்டன் 1909இல், மிகக் குறைந்த கூலி வழங்கிய சில தொழில்களுக்குக் கூலி வாரியங்களை நிறுவியது. அமெரிக்கா 1938இல் மணிக்கு 25 சென்ட் என்று தன் முதல் தேசியக் குறைந்தபட்சக் கூலியை விதித்தது. விடுதலை பெற்ற இந்தியா 1948இல் குறைந்தபட்சக் கூலிச் சட்டத்தை இயற்றியது.

கீழத்தஞ்சை தரும் பாடம்

நமக்கு அண்மையான சான்று கீழத்தஞ்சை. வளம் கொழிக்கும் அம்மண்ணில் உழுதவர்கள் பண்ணையாட்களாக, தலைமுறை தலைமுறையாக ஒரே பண்ணையில் கட்டுண்டு கிடந்தனர். சாதியும் நிலமும் சேர்ந்து அவர்களை அழுத்தின. இராஜாஜி முதலமைச்சராயிருந்தபோது 1952இல் தஞ்சை மாவட்டக் குத்தகைதாரர், பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் வந்தது. பண்ணையாளை விருப்பம்போல் நீக்குவதை அது தடுத்தது. ஆனால் நிரந்தரப் பண்ணையாளுக்குப் பதிலாகத் தினக்கூலி ஆட்களை வைத்துக்கொள்ளும் வழக்கம் பெருகிற்று. சட்டம் ஒரு கதவை அடைத்தால் மறு கதவு திறக்கும் என்பதற்கு இது சான்று.

1968 டிசம்பர் 25ஆம் நாள் இரவு கீழவெண்மணியில் நடந்ததை நாம் அறிவோம். அறுவடைக் கூலியில் கூடுதலாக அரைப் படி நெல் கேட்டும், தம் சங்கத்தை விட்டுக்கொடுக்க மறுத்தும் நின்ற தாழ்த்தப்பட்ட மக்களின் குடியிருப்பு தாக்கப்பட்டது. குடிசையொன்றில் அடைக்கலம் புகுந்த 44 பேர் எரிந்து மாண்டனர். அவர்களுள் பெரும்பாலோர் பெண்களும் குழந்தைகளும் ஆவர். இதன் பின் அமைக்கப்பட்ட கணபதியா பிள்ளை ஆணையத்தைத் தொடர்ந்து, 1969இல் விவசாயத் தொழிலாளர் நியாயக் கூலிச் சட்டம் பிறந்தது.

இங்கே ஒன்றைக் கருத வேண்டும். 1948ஆம் ஆண்டின் சட்டத்திலேயே விவசாயமும் இடம்பெற்றிருந்தது. சட்டம் இருந்து இருபது ஆண்டுகள் கழிந்த பின்னரே அரைப் படி நெல்லுக்காக இத்தனை உயிர்கள் போயின. ஆகவே சட்டம் எழுதப்படுவது ஒன்று; அது களத்துமேட்டுக்கு வந்து சேர்வது வேறொன்று.

ஏட்டுக் கணக்கும் வீட்டுக் கணக்கும்

குறைந்தபட்சக் கூலி எவ்வளவு என்பதற்கு நம் நாட்டில் ஒரு கணக்கு உண்டு. 1957இல் கூடிய 15ஆவது இந்தியத் தொழிலாளர் மாநாடு அதனை வகுத்தது. உழைப்பாளி ஒருவரின் குடும்பத்துக்கு மூன்று நுகர்வு அலகுகள், அலகு ஒன்றுக்கு நாளொன்றுக்கு 2,700 கலோரி உணவு, குடும்பத்துக்கு ஆண்டுக்கு 72 கெஜம் துணி, வீட்டு வாடகை, எரிபொருள், விளக்கு முதலிய பிற செலவுகளுக்குக் கூலியில் 20 விழுக்காடு. பிள்ளைகளின் கல்வி, மருத்துவம் ஆகியவற்றுக்கென மேலும் 25 விழுக்காட்டைப் பின்னர் உச்ச நீதிமன்றம் சேர்த்தது.

மனிதத் தேவையிலிருந்து கூலியைக் கணக்கிடும் இம்முறை போற்றத்தக்கதே. ஆனால் அந்த மூன்று அலகுகளுக்கு ஆணுக்கு 1, பெண்ணுக்கு 0.8, பிள்ளை ஒன்றுக்கு 0.6 என்று விளக்கம் கூறுவர். நாள் முழுதும் குனிந்து நாற்று நட்டுவிட்டு வந்து, வீட்டு வேலையும் பார்க்கும் என் தாயின் பசி 0.8 என்று படித்தபோது எனக்குச் சிரிப்பும் வந்தது, வருத்தமும் வந்தது. ஆணுக்கும் பெண்ணுக்கும் சமக் கூலி என்று 1976இலேயே சட்டம் இயற்றப்பட்டது. எனினும் வயலில் ஆணுக்கு ஒரு கூலி, பெண்ணுக்கு ஒரு கூலி என்னும் வழக்கம் இன்னும் ஒழியவில்லை. சட்டக் கூலிக்குக் குறைவாகக் கொடுத்து வேலை வாங்குவது அரசமைப்பின் 23ஆவது பிரிவு தடை செய்யும் கட்டாய உழைப்பே என்று உச்ச நீதிமன்றம் 1982இல் தீர்ப்பளித்தது. 1948, 1976ஆம் ஆண்டுச் சட்டங்களைத் தன்னுள் அடக்கிய ஊதியத் தொகுப்புச் சட்டம் 2019இல் இயற்றப்பட்டு, 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்துள்ளது. ஆயினும் புகார் கொடுத்தால் நாளை வேலைக்குக் கூப்பிடமாட்டார்களே என்று அஞ்சும் தொழிலாளிக்கு, எந்தச் சட்டமும் தானாக வந்து கைகொடுக்காது.

அச்சம் நீங்க வழி

அவ்வச்சத்தை நீக்குவது எது? சுவீடன், டென்மார்க் ஆகிய நாடுகளில் சட்டப்படியான குறைந்தபட்சக் கூலியே இல்லை. அங்கே வலிமை வாய்ந்த தொழிற்சங்கங்கள் கூட்டுப்பேரத்தின் மூலம் கூலியை அமைக்கின்றன. தொழிலாளிக்குக் காத்திருக்கும் ஆற்றலைச் சங்கம் தருகிறது.

நம் கிராமங்களில் அந்த ஆற்றல் வேறு வழிகளில் வந்தது. 2005இல் இயற்றப்பட்ட வேலை உறுதிச் சட்டத்தின்படி ஆண்டுக்கு 100 நாள் வேலை 2006இல் தொடங்கியபோது, தமிழகத்தின் முதல் ஆறு மாவட்டங்களுள் நாகப்பட்டினமும் ஒன்று. அங்கே ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே கூலி. 2011 முதல் நியாயவிலைக் கடையில் அரிசி விலையின்றிக் கிடைக்கிறது. நூறு நாள் வேலையால் வயலுக்கு ஆள் கிடைப்பதில்லை என்று நிலவுடைமையாளர் குறைப்பட்டதை நாம் கேட்டிருக்கிறோம். இடுபொருள் விலையேற்றத்தால் தவிக்கும் சிறு விவசாயியின் துன்பமும் பொய்யன்று. ஆனால் அக்குறையின் மறுபக்கம் என்ன? வீட்டில் அரிசி இருந்ததாலும், வேறு வேலை ஒன்று இருந்ததாலும், "இந்தக் கூலிக்கு வரமுடியாது" என்று சொல்லும் துணிவு முதன்முறையாகத் தொழிலாளிக்கு வந்தது என்பதே.

முடிவுரை

பட்டிமன்றத்தில் சந்தையே என்று வாதாடிய நான், இப்போது அரசே என்று மாறிவிட்டேன் என எண்ண வேண்டாம். ஒவ்வொரு தொழிலின் கூலியையும் அரசே எழுதிவிட முடியாது, கூடாது. கொத்தனாருக்கும் சித்தாளுக்கும், தேர்ந்தவருக்கும் புதியவருக்கும் உள்ள வேறுபாட்டைச் சந்தையே நன்கு அறியும். ஆனால் எந்த மனிதரின் உழைப்பும் அதற்குக் கீழே விற்கப்படலாகாது என்னும் அடித்தளத்தை இடுவது அரசின் கடமை. அத்தளத்தின்மேல் நிமிர்ந்து நின்று பேரம் பேசுவது சங்கத்தின் கடமை. இவ்விரண்டும் அமைந்த பின்னரே சந்தை என்ற சொல்லுக்கு நேர்மையான பொருள் உண்டாகும்.

பொருளியல் பயிலும் நண்பர்களுக்கு ஒன்று கூறி முடிக்கிறேன். தேர்வில் தேவைக் கோடும் அளிப்புக் கோடும் வெட்டிக்கொள்ளும் புள்ளியைக் குறிக்கும்போது, அந்தக் கோடுகளுக்குப் பின்னால் நிற்பவருள் எவரால் நாளைவரை காத்திருக்க முடியும் என்று ஒரு கணம் நினைத்துப் பாருங்கள். சித்திரையிலும் என் தாய் தம் கூலியைத் தாமே கேட்டுப் பெறும் நாள் வருமானால், அரசா சந்தையா என்னும் வழக்கு பெருமளவு தீர்ந்துவிடும்.