புகை மூன்று மணி நேரம், மிச்சம் தம்

சங்கரன்கோவிலில் கறி என்று பேச்செடுத்தால் அது ஆட்டுக்கறிப் பிரியாணியில்தான் போய் நிற்கும். அதற்காகவே வெளியூரிலிருந்து பஸ் ஏறி வருகிறவர்கள் உண்டு. மாட்டுக்கறிக்கு இங்கே அந்தப் பெயர் கிடையாது. பிரியமாகச் சாப்பிடுகிறவர்கள் செங்கோட்டை தாண்டி ஆரியங்காவுப் பக்கம் போனால் பரோட்டாவோடு கேட்டு வாங்கித் தின்பார்கள். ஊருக்குள் அது வீட்டுக் குழம்போடு சரி.

அமெரிக்காவில் இருக்கிற என் அத்தை மகன் போன மே மாதம் லீவுக்கு வந்திருந்தான். அங்கே அவன் வீட்டுக் கொல்லையில் பெல்லட் கிரில் வைத்திருக்கிறான். மசாலா தடவி ஊறவைத்த மாட்டுத் தொடைக்கறியை முழுத் துண்டாக உள்ளே வைத்தால் புகையிலேயே மெத்தென்று வெந்து வரும் என்பான். "இங்கயும் செஞ்சு காட்டுறேன் மச்சான்" என்று ஓர் இரும்பு டிரம், சீமைக் கருவேல விறகு, இரண்டு கிலோ கறி எல்லாம் ஏற்பாடு செய்தான். அங்கே போடுகிற அதே மசாலா, அதே சூடு, அதே ஏழு மணி நேரம். எடுத்து வைத்து அறுத்தால் கத்தி இறங்கவில்லை.

சுற்றி இருந்தவர்கள் ஆளுக்கொரு காரணம் சொன்னார்கள். புகை பத்தவில்லை. இன்னும் ஊறியிருக்கணும். கருவேலம் புகை ஆகாது. கடைசியாக ஒரு பெரியவர், "நம்ம ஊரு மாட்டுக்கறி குழம்புக்குத்தான் ஆகும், இதுக்கெல்லாம் ஆகாது" என்று முடித்து வைத்தார். எனக்கு மனதில் தைத்தது அந்தக் கடைசி வார்த்தைதான். அது உண்மையில்லை. அதை விளக்குவதற்கு மற்றவற்றையும் எடுத்துப் பார்க்க வேண்டியிருக்கிறது.

புகையிலிருந்தே தொடங்கலாம். புகை கறியை வேகவைப்பதில்லை. வேகவைப்பது சூடு. பெல்லட் கிரில் என்கிற கருவியே அதற்குச் சாட்சி. அமெரிக்காவின் ஒரிகன் மாநிலத்தில் ஜோ ட்ரேகர் என்பவர் 1980-களின் நடுவில் உருவாக்கியது இது. ஒரு பக்கத்துத் தொட்டியில் மரத்தூளை அழுத்திச் செய்த சின்னக் குச்சிகளைக் கொட்டுகிறார்கள். அவைதான் பெல்லட். மோட்டார் சுழற்றும் ஒரு திருகு அவற்றைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தீச்சட்டிக்குத் தள்ளும். சின்ன மின்விசிறி ஒன்று காற்று ஊதும். உள்சூடு குறைந்தால் திருகு கூடுதலாகத் தள்ளும், ஏறினால் தள்ளுவதைக் குறைக்கும். மொத்தத்தில் அது விறகில் எரிகிற ஓர் ஓவன். 110 டிகிரி செல்சியஸ் என்று வைத்தால் அதையொட்டியே நிற்கும். வெளியே வரும் புகை கண்ணுக்கு லேசாகத்தான் தெரியும். பல சமயம் தெரியாது.

அதைப் பார்த்துத்தான் "புகையே இல்லையே, ருசி எப்படி ஏறும்" என்று கேட்கிறார்கள். ஈர விறகை அடுப்பில் வைத்தால் கண்ணைக் கரிக்கும் வெள்ளைப் புகை குபுகுபுவென்று வருமே, அது அரைகுறையாக எரிந்த விறகின் புகை. அது கறிமேல் படிந்தால் நாக்கில் கசப்பு நிற்கும். விறகு நன்றாகப் பற்றி, மெல்லிய நீல நிறத்தில் வருகிற புகையில்தான் மணம் தரும் பொருள்கள் சரியான அளவில் இருக்கின்றன. மரத்துக்கு விறைப்பைக் கொடுக்கிற லிக்னின் சிதையும்போது குவாயகால், சிரிங்கால் என்ற பொருள்கள் பிறக்கின்றன. புகை மணம் என்று நாம் சொல்வதில் பெரும் பங்கு இவற்றுக்குத்தான். ஈரமும் குளிர்ச்சியும் உள்ள பரப்பில் இவை நன்றாக ஒட்டும். கறியின் மேல்பக்கம் காய்ந்து தோல் கட்டிய பிறகு எவ்வளவு புகைத்தாலும் பெரிதாக ஏறாது. முதல் இரண்டு மூன்று மணி நேரம்தான் புகைக்கு வேலை. எங்கள் டிரம்மில் ஏழு மணி நேரமும் வெள்ளைப் புகைதான். கறி வேகாததற்கு அது காரணமில்லை, கசந்ததற்கு அதுதான் காரணம்.

பெல்லட் குச்சிகள் பசை போட்டு ஒட்டப்பட்டவை, அந்தப் பசை கறியில் ஏறும் என்று ஒரு பயம் உண்டு. சமையலுக்கென்று செய்யும் குச்சிகளுக்குப் பசை தேவையில்லை. அழுத்தத்திலும் சூட்டிலும் இளகுகிற அதே லிக்னின்தான் தூளைப் பிடித்து வைக்கிறது. தண்ணீர் பட்டால் குச்சி உப்பித் தூளாகிவிடும். ஆனால் பாய்லருக்கு என்று விற்கும் கட்டிகளையோ, பிளைவுட் அறுத்த தூளையோ கறிக்குப் பக்கத்தில் கொண்டுபோகக் கூடாது. அதில் என்னென்ன கலந்திருக்கிறதோ அத்தனையும் புகையில் வரும்.

கருவேலம் ஆகாது என்பதற்கு ஒரு பதில். சீமைக் கருவேலம் நம் கண்மாய்களையும் தரிசு நிலங்களையும் பிடித்துக்கொண்ட மரம். அதன்மேல் நமக்குள்ள கோபம் நியாயமானது. ஆனால் டெக்சாஸில் மாட்டிறைச்சியைப் புகைக்க மெஸ்கீட் என்று ஒரு விறகைத் தேடி வாங்குகிறார்களே, அது சீமைக் கருவேலத்தின் நெருங்கிய சொந்தம். புகை மணம் காட்டமாக இருக்கும், அவ்வளவுதான். ஆறேழு மணி நேரம் விறகாக எரித்தால் நாக்கு தாங்காது. ராமநாதபுரம், விருதுநகர்ப் பக்கம் மூட்டம் போட்டு எடுக்கிற கருவேலங்கரியைச் சூட்டுக்கு வைத்துக்கொண்டு, மணத்துக்கு இரண்டு காய்ந்த துண்டு மட்டும் போட்டிருந்தால் குறை சொல்ல ஒன்றும் இருந்திருக்காது.

அடுத்தது ஊறல். இரண்டு நாள் ஊறினால் மசாலா நடு எலும்புவரை இறங்கும் என்று நம்புகிறோம். இறங்காது. மிளகாய், மல்லி, இஞ்சி, பூண்டு இவற்றின் மணமெல்லாம் மேலே சில மில்லிமீட்டரில் நின்றுவிடும். உள்ளே போவது உப்பு ஒன்றுதான். அது கறியின் புரதங்களைத் தளர்த்தி, வேகும்போது தண்ணீரை இழுத்துப் பிடித்துக்கொள்ளவும் வைக்கிறது. ஆகவே முந்தின நாளே கிலோவுக்கு 15 கிராம் கணக்கில் உப்பை மட்டும் தடவி ஃபிரிட்ஜில் வைத்துவிட்டு, மசாலாவை அன்றைக்குக் காலையில் தடவினாலே போதும். தயிரும் எலுமிச்சையும் மேல்பரப்பைத்தான் தொடும். பப்பாளிக்காயில் உள்ள பப்பைன் புரதத்தை அறுக்கும் என்பது உண்மை. ஆனால் அதுவும் மேலே உள்ளதையே அறுக்கும். அதிகம் போட்டால் வெளியே கூழ், உள்ளே கட்டை.

ஊறவைத்த கறியை வெளியே வைப்பது இன்னொரு பழக்கம். நம் மே மாத வெயிலில் அது ஆபத்து. 32 டிகிரிக்கு மேல் வெக்கை இருந்தால் பச்சைக்கறி ஒரு மணி நேரத்துக்கு மேல் வெளியே இருக்கக் கூடாது. கழுவினால் கிருமி போய்விடும் என்பதும் தவறு. தண்ணீர் தெறித்துக் கிருமி சட்டிபானைக்கெல்லாம் பரவும். கிருமியைக் கொல்வது சூடு மட்டுமே.

முதலில் அதிகச் சூட்டில் வறுத்தெடுத்தால் சாறு உள்ளேயே பூட்டிக்கொள்ளும் என்பது உலகம் முழுக்க உள்ள நம்பிக்கை. ஜெர்மன் வேதியியலாளர் லீபிக் 1847-இல் எழுதியது அது. பிறகு வந்தவர்கள் எடைபோட்டுப் பார்த்தார்கள். வறுத்த கறியும் அதே அளவு சாற்றை இழக்கிறது. வறுப்பதால் கிடைப்பது நிறமும் மணமும். வறுப்பதற்கு அது போதுமான காரணம். அறுக்கும்போது வழிகிற சிவப்பு நீர் ரத்தமில்லை என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். தசையில் இருக்கும் மயோகுளோபின் கலந்த தண்ணீர் அது. புகைத்த கறியின் ஓரத்தில் தெரியும் இளஞ்சிவப்பு வளையமும் அதே மயோகுளோபின்தான், புகையிலுள்ள வாயுக்களோடு சேர்ந்ததால் நிறம் மாறாமல் நிற்கிறது. அது வேகாத அடையாளமில்லை. ருசிக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

இனி அந்தப் பெரியவர் சொன்ன வார்த்தை.

அமெரிக்காவில் ரோஸ்ட்டுக்கு வரும் மாடு பெரும்பாலும் இரண்டு வயதை ஒட்டியது. கடைசி மாதங்களில் மக்காச்சோளம் போட்டுக் கொழுக்க வைத்தது. தசைக்குள்ளேயே கொழுப்பு வெள்ளை இழையாக ஓடும். நம் ஊருக்குச் சட்டமே வேறு. தமிழ்நாட்டின் 1958-ஆம் ஆண்டு விலங்குகள் பாதுகாப்புச் சட்டப்படி, 10 வயதைத் தாண்டி உழவுக்கும் இனப்பெருக்கத்துக்கும் உதவாது என்றோ, காயத்தாலும் தீராத நோயாலும் நிரந்தரமாக முடங்கிப்போனது என்றோ சான்று பெற்ற மாட்டைத்தான் அறுக்கலாம். எருமைக்கும் இது பொருந்தும். பசுவையும் கிடாரியையும் அறுக்கக் கூடாது என்று 1976-இல் அரசாணையும் வந்தது. ஆக நம் கறிக்கடையில் தொங்குவது பெரும்பாலும் பத்து வயதைத் தாண்டிய, ஏர் இழுத்து, வண்டி இழுத்து, மேய்ந்து நடந்த மாட்டின் தசை. கொழுப்பு குறைவு. தசை நார்களைச் சுற்றிக் கட்டியிருக்கும் கொலாஜன் வயது ஏற ஏறக் குறுக்கே பின்னிக்கொண்டு இறுகியிருக்கும். இளம் மாட்டில் சீக்கிரம் கரைகிற அது, இதில் கரைய நேரமும் வேண்டும், ஈரமும் வேண்டும்.

இதைக் கறியின் மட்டம் என்று பேசுவது தவறு. அதன் வயது அது. உழைத்த தசையில் ருசி கூடுதல் என்பது மாட்டுக்கறி சமைத்த எந்த வீட்டுக்கும் தெரியும். தலைமுறை தலைமுறையாக இந்தக் கறியை மெத்தென்று ஆக்கிப் போட்ட கைகள் நம் தெருக்களில் இருக்கின்றன. அவர்களிடம் கேட்காமல் அமெரிக்கக் கணக்கை அப்படியே இறக்கியதுதான் அன்றைக்கு நடந்த பிழை.

இது இன்றைய அறிவும் இல்லை. பொருநராற்றுப்படையில் கரிகாலன் வைத்த விருந்தில் கறி இரண்டு விதமாக வருகிறது. ஆட்டின் பருத்த தொடைக்கறி வேகவைத்து வருகிறது. கொழுத்த துண்டுகள் கம்பியில் கோத்துச் சுட்டு வருகின்றன. பருத்த தொடைக்கு ஈரச் சூடு, கொழுப்புள்ள துண்டுக்கு நேர் நெருப்பு. ஏறத்தாழ இரண்டாயிரம் வருஷத்துக்கு முன்பே சமையற்கட்டில் பிரித்து வைத்திருக்கிறார்கள்.

கொலாஜன் ஜெலட்டினாகக் கரைவது 70 டிகிரிக்கு மேல்தான் மும்முரமாகும். கறியின் நடுச்சூடு 90-ஐத் தாண்டி 95-ஐ நெருங்கும்போது கம்பி வெண்ணெயில் இறங்குவதுபோல இறங்கும். அங்கே போய்ச் சேருவதற்கு முன் ஒரு சோதனை உண்டு. 65, 70 டிகிரி வந்ததும் சூடு ஏறாமல் மணிக்கணக்கில் அப்படியே நிற்கும். நெருப்பு செத்துப்போச்சு என்று எங்கள் டிரம்முக்கு அன்றைக்கு விறகை அள்ளிப் போட்டார்கள். நெருப்புக்கு ஒன்றுமில்லை. திண்ணையில் இருக்கிற மண்பானை எப்படித் தண்ணீரைக் குளிர வைக்கிறதோ அதே வேலையைக் கறி செய்துகொண்டிருந்தது. மேல்பரப்பில் ஈரம் ஆவியாகும்போது சூட்டை எடுத்துக்கொண்டு போகிறது. ஏறுகிற சூடும் போகிற சூடும் சமமாக இருக்கும்வரை முள் நகராது. இளம் மாட்டில் இதைப் பொறுத்துக் கடந்துவிடலாம், உள்ளே கொழுப்பு இருக்கிறது. நம் கறி அந்த நேரத்தில் காய்ந்துபோகும்.

அதனால்தான் தம். மறுவாரம் அத்தை மகனோடு உட்கார்ந்து இப்படித்தான் செய்தோம். முந்தின இரவு உப்பு. காலையில் மிளகு, பூண்டு, மல்லி, கொஞ்சம் எண்ணெய். 110 டிகிரியில் மூன்று மணி நேரம் லேசான புகை. நடுச்சூடு 65 தொட்டதும் கறியை வாழை இலையில் சுற்றி, கனமான சட்டியில் ஒரு டம்ளர் எலும்புச்சாறு ஊற்றி, மைதா மாவால் மூடியின் ஓரத்தை அடைத்துவிட்டோம். பிரியாணி அண்டாவுக்குச் செய்கிற அதே வேலைதான். அதன்பிறகு புகை தேவையில்லை. 130 டிகிரியில் ஐந்து மணி நேரம். கையில் பெல்லட் கிரில் இருப்பவர்கள் அதற்குள்ளேயே சட்டியை வைக்கலாம். இல்லாதவர்கள் சிறு தணலில் வைக்கலாம். மணியைப் பார்த்து இறக்காதீர்கள். குத்திப் பார்க்கும் தெர்மாமீட்டர் ஒன்று மட்டும் கட்டாயம் வேண்டும். முழுத் துண்டு மாட்டுக்கறி 63 டிகிரியைத் தொட்டு, இறக்கியபின் மூன்று நிமிடம் அப்படியே இருந்தாலே கிருமிக்குப் பயமில்லை என்று அமெரிக்க வேளாண் துறை சொல்கிறது. ஆனால் நம் கறி அந்தச் சூட்டில் மெல்ல வராது. 90-ஐத் தாண்டும்போது நாடாப்புழுவின் லார்வாப் பையைப் பற்றிய கவலையும் சேர்ந்து தீர்ந்துவிடும்.

புகைத்த கறி கெடாது என்று நினைத்து மேசையில் விட்டுவைக்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை. உப்புக்கண்டம் கெடாமல் இருப்பது உப்பாலும், வெயிலில் ஈரம் முழுக்க வற்றியதாலும். இந்த ரோஸ்ட்டில் ஈரம் அப்படியே இருக்கிறது. ஆறியதும் ஃபிரிட்ஜுக்குப் போக வேண்டும்.

மரப்புகை இயற்கையானது, அதில் கெடுதல் இல்லை என்றும் சொல்லக் கேட்கிறேன். எந்த விறகு எரிந்தாலும் பென்சோபைரீன் போன்ற பொருள்கள் வரும். உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு நிறுவனம் 2015-இல் உப்பிட்டோ புகைத்தோ பதப்படுத்திய இறைச்சியைப் புற்றுநோய் உண்டாக்கும் பட்டியலில் சேர்த்தது. தினமும் 50 கிராம் உண்பவர்களுக்குப் பெருங்குடல் புற்றுநோய் அபாயம் சுமார் 18 சதவீதம் கூடுகிறது என்பது அதன் கணக்கு. இது தினச் சாப்பாடு இல்லை, விசேஷ நாள் சாப்பாடு. புகையை மூன்று மணி நேரத்தோடு நிறுத்த எனக்கு இதுவும் ஒரு காரணம்.

சட்டியைத் திறந்ததும் அறுக்க வேண்டாம். அரை மணி நேரம் அப்படியே இருக்கட்டும். பிறகு நார் எந்தப் பக்கம் ஓடுகிறது என்று பார்த்து, அதற்குக் குறுக்கே மெல்லிசாக அறுக்க வேண்டும். இரண்டாம் முறை அறுத்தபோது அந்தப் பெரியவரும் இருந்தார். முதல் துண்டை அவர் இலையில்தான் வைத்தோம். எந்தக் கடைக் கறி என்று கேட்டார். போன தடவை வாங்கிய அதே கடை, அதே தொடை என்று சொன்னோம். இன்னொரு துண்டு கேட்டு வாங்கிக்கொண்டார்.