வேடந்தாங்கலில் கேமராவோடு ஒரு நாள்



பொங்கல் லீவில் நீங்கள் எல்லாரும் டிவி பார்த்திருப்பீர்கள். நான் பறவை பார்க்கப் போனேன். எங்க மாமா கல்யாணங்களுக்குப் போட்டோ எடுப்பவர். "வாம்மா, ஒரு நாள் உனக்குக் கேமரா பிடிக்கச் சொல்லித் தர்றேன்" என்று கூட்டிப் போனார். மதுராந்தகத்தில் பஸ் மாறி, காலை ஏழரைக்கெல்லாம் ஏரிக்கரையில் நின்றோம்.

ஏரி பெரிசு இல்லை, சுமார் 30 ஹெக்டேர்தான். ஆனால் சத்தம் இருக்கிறதே! வடகிழக்குப் பருவமழையில் ஏரி நிரம்பியதும் பறவைகள் வந்து, தண்ணீருக்குள் நிற்கும் நீர்க்கடம்பு மரங்களில் கூடு கட்டும். சுற்றிலும் தண்ணீர் என்பதால் பூனை, நாய் கிட்டே வராது. நாரை, கூழைக்கடா, நீர்க்காகம், வக்கா எல்லாம் பக்கத்துப் பக்கத்தில். எங்க தெரு மாதிரியே ஒரே சண்டை.

மாமா நடத்திய பாடம் இதுதான். வெயில் நம் முதுகுப் பக்கம் இருக்க வேண்டும். பறவையின் கண் தெளிவாக விழ வேண்டும். பறக்கும்போது எடுத்தால் ஷட்டர் ஒரு நொடியில் 1000-ல் ஒரு பங்கு நேரமாவது வைக்க வேண்டும், இல்லாவிட்டால் இறக்கை கலங்கிவிடும். வெள்ளைப் பறவைக்கு வெளிச்சத்தைக் கொஞ்சம் குறைக்க வேண்டும். "பொண்ணு மாப்பிள்ளைக்குக் கூட்டுவேன், கொக்குக்குக் குறைக்கணும்" என்று சிரித்தார். ஃபிளாஷ் கூடவே கூடாது.

மேலே ஒட்டியிருக்கும் முதல் படம் நத்தைகுத்தி நாரை. அதன் அலகை நன்றாகப் பாருங்கள், மூடியிருக்கும்போதும் நடுவில் ஓர் இடைவெளி தெரியும். நத்தையைப் பிடிக்க அந்த அமைப்பு உதவுகிறது. குஞ்சுக்கு அந்த இடைவெளி கிடையாது, வளர வளரத்தான் வரும்.

இனி சொல்லப் போவதை எழுதலாமா வேண்டாமா என்று இரண்டு நாள் யோசித்தேன். எனக்குக் கூட்டமாகப் பறக்கும் படம் வேண்டும். அரை மணி நேரம் காத்தும் எதுவும் எழும்பவில்லை. மாமா டீ குடிக்கப் போன சமயம், கரைக்குக் கிட்டே இருந்த மரத்தைப் பார்த்து ஓங்கிக் கை தட்டினேன். நாரைகள் சடசடவென்று எழும்பின. நானும் எடுத்தேன். அதே நேரம் எங்கிருந்தோ ஒரு காக்கா வந்து, காலியான கூட்டில் இறங்கி, ஒரு முட்டையைக் கொத்தி எடுத்துக்கொண்டு போய்விட்டது.

பக்கத்தில் நின்ற அந்த ஊர்ப் பெரியவர் திட்டவில்லை. "தட்டாதம்மா, அதுங்க அடைகாக்குதுங்க" என்றார், அவ்வளவுதான். திட்டியிருந்தால் தேவலாம் போல இருந்தது.

மாமாவிடம் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு இந்த ஊர்க் கதையைச் சொன்னார். வேடன் என்ற சொல் ஊர்ப் பேரிலேயே இருக்கிறது. ஆனால் வெள்ளைக்காரச் சிப்பாய்கள் இங்கே நாரைகளைச் சுட்டபோது, ஊர் மக்கள் கலெக்டரிடம் போய் முறையிட்டார்களாம். 1798-இல் லயோனல் பிளேஸ் என்ற கலெக்டர், பறவைகளைத் தொந்தரவு செய்யக்கூடாது என்று எழுதிக் கொடுத்தார். பறவை எச்சம் கலந்த ஏரித் தண்ணீர் வயலுக்கு உரம் என்பது அவர்களுக்குத் தெரியும். 2022-இல் வேடந்தாங்கலும் கரிக்கிலியும் ராம்சர் ஈரநிலங்களாக அறிவிக்கப்பட்டன.

மதியம் சுமார் பத்து கிலோமீட்டர் தள்ளி இருக்கும் கரிக்கிலிக்குப் போனோம். அங்கே கூட்டமே இல்லை. ஒரு மணி நேரம் அசையாமல் உட்கார்ந்தேன். கால் மரத்துப் போச்சு. ஒரு கரண்டிவாயன் தானாகவே கிட்டே வந்து, அலகைத் தண்ணீரில் இடமும் வலமும் வீசி இரை தேடியது. அதுதான் இரண்டாவது படம். கொஞ்சம் கலங்கியிருக்கிறது, மன்னிக்கவும்.

பறக்கும் படம் நன்றாகத்தான் வந்திருக்கிறது. மூலையில் அந்தக் காக்காவும் தெரிகிறது. அதை நான் இங்கே ஒட்டவில்லை.

– ஒன்பதாம் வகுப்பு மாணவி