சிறிய யுனிக்ஸில் வலைக் கருவிகள்

கடலோரத்தில் வாழும் நமக்குத் துறைமுகத்தைப் பற்றி எவரும் சொல்லித்தர வேண்டியதில்லை. கணினித் துறையிலும் "போர்ட்டிங்" என்றொரு சொல் வழங்குகிறது. ஓர் இயக்க முறைமைக்காக எழுதப்பட்ட நிரலை மற்றோர் இயக்க முறைமையில் ஓடும்படி மாற்றி அமைப்பதற்கே இப்பெயர். கோப்பை ஒரு கணினியிலிருந்து இன்னொன்றுக்கு நகலெடுத்தால் போதாதா என்று தோழியர் பலர் கேட்பர். போதாது. ஏன் போதாது என்பதை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

சென்னைக்குத் துறைமுகமே இல்லாதிருந்த காலம் ஒன்று உண்டு. அன்று பெரிய கப்பல்கள் கரையை நெருங்க முடியாமல் தொலைவில் நங்கூரம் பாய்ச்சி நிற்கும். அவற்றிலிருந்து சரக்கையும் மனிதரையும் கரை சேர்த்தவை மசூலாப் படகுகள். அவற்றின் பலகைகள் ஆணியால் அறையப்படாமல் தென்னங்கயிற்றால் தைக்கப்பட்டிருந்தன. ஆணி அடித்த படகு நம் கரையின் அலையில் மோதிப் பிளந்துவிடும். தைத்த படகோ வளைந்து கொடுக்கும். நம் இராயபுரத்துப் புனித இராயப்பர் ஆலயத்தைக் கட்டியவர்கள் இத்தகைய படகோட்டிகளே. ஈண்டு நாம் கவனிக்க வேண்டியது ஒன்று. கப்பலில் வந்த சரக்கு மாறவில்லை. அதைக் கரை சேர்க்கும் முறைதான் கரைக்கு ஏற்றபடி மாறியது. போர்ட்டிங்கும் அத்தகையதே.

இனி, சிறிய இயக்க முறைமை என்றால் என்னவென்று பார்ப்போம். யுனிக்ஸ் என்பது 1969-ஆம் ஆண்டு அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் பிறந்தது. அதன் மூல நிரலைப் பேராசிரியர்கள் வகுப்பில் வரிவரியாக நடத்தி வந்தனர். 1979-இல் வந்த ஏழாம் பதிப்பின் உரிம ஒப்பந்தம் அதற்குத் தடை விதித்தது. ஆகவே நெதர்லாந்தின் ஆம்ஸ்டர்டாமில் பணியாற்றிய ஆண்ட்ரூ டானன்பாம் என்னும் பேராசிரியர், மாணவர்கள் படிப்பதற்கென்றே யுனிக்ஸைப் போல் நடந்துகொள்ளும் சிறிய முறைமை ஒன்றைத் தாமே எழுதி 1987-இல் வெளியிட்டார். மினிக்ஸ் என்பது அதன் பெயர். அதன் முக்கியப் பகுதிகள் சுமார் 12,000 வரிகள்; அவற்றைப் பாடநூலின் பின்னிணைப்பாகவே அச்சிட்டுவிட்டார்! ஒரு முறைமை முழுவதையும் புத்தகம்போல் படித்து முடிக்கலாம் என்பது எத்துணை பெரிய வசதி!

ஆனால் அந்த முதல் மினிக்ஸுக்கு உலகத்தோடு பேசத் தெரியாது. அதில் டிசிபி/ஐபி என்னும் வலை நெறிமுறை இல்லை.

நெறிமுறை என்பது இரு கணினிகள் ஒன்றோடொன்று பேசுவதற்கு ஒப்புக்கொண்ட ஒழுங்கு. 1983 ஜனவரி முதல் நாள் அமெரிக்காவின் ஆர்பாநெட் முழுவதும் டிசிபி/ஐபிக்கு மாறியது. நம் நாட்டில் 1986-இல் மின்னணுத் துறையும் ஐக்கிய நாடுகள் வளர்ச்சித் திட்டமும் சேர்ந்து எர்நெட் என்னும் கல்வி வலையைத் தொடங்கின. அதில் சேர்ந்த எட்டு நிறுவனங்களில் நம் நகரின் ஐ.ஐ.டி.யும் ஒன்று. முதலில் தொலைபேசிக் கம்பி வழியே ஒரு கணினி இன்னொன்றை அழைத்து அஞ்சலை மாற்றிக்கொள்ளும் முறைதான் இருந்தது. பொதுமக்களுக்கு இணையம் கிடைத்தது 1995 ஆகஸ்ட் 15-இல். வலையோடு சேராத கணினி, அது எவ்வளவு அழகாக எழுதப்பட்டிருந்தாலும், தனித்தீவாகிவிடும் காலம் வந்துவிட்டது.

மினிக்ஸுக்கு டிசிபி/ஐபியைக் கொடுத்தவர் பிலிப் ஹோம்பர்க். 1997-இல் வந்த மினிக்ஸ் 2 பதிப்பில் அது இடம்பெற்றது. இங்கேதான் சுவையான செய்தி ஒன்று உள்ளது. பெரிய யுனிக்ஸ்களில் வலைப்பகுதி கெர்னல் எனப்படும் நடுக்கருவுக்குள்ளேயே இருக்கும். மினிக்ஸின் கொள்கையோ கருவைச் சிறிதாக வைத்துக்கொண்டு, மற்ற வேலைகளைத் தனித்தனிப் பணியாளர்களிடம் ஒப்படைப்பது. ஆகவே ஹோம்பர்க்கின் வலைப்பகுதி, "இன்நெட்" என்ற பெயரில், கருவுக்கு வெளியே ஒரு தனி நிரலாக ஓடியது. மற்ற நிரல்களுக்கு அது கோப்புகளின் வடிவில் தோன்றியது. ஈதர்நெட்டுக்கு ஒரு சாதனக் கோப்பு, ஐபிக்கு ஒன்று, டிசிபிக்கு ஒன்று, யுடிபிக்கு ஒன்று. கோப்பைத் திறப்பதுபோல் திறந்து, எழுதுவதுபோல் எழுதி, படிப்பதுபோல் படித்தால் அதுவே வலைத்தொடர்பு!

சரி, இப்போது டெல்நெட் என்னும் கருவியை எடுத்துக்கொள்வோம். தொலைவிலுள்ள கணினியில் நாம் நேரே உட்கார்ந்திருப்பதுபோல் வேலை செய்ய உதவுவது அது. பெர்க்கிலி பல்கலைக்கழகம் 1983-இல் வெளியிட்ட யுனிக்ஸில் சாக்கெட் என்னும் அமைப்பு வந்தது. அதன்பின் யுனிக்ஸில் எழுதப்பட்ட வலைக் கருவிகளுள் பெரும்பாலானவை சாக்கெட்டை நம்பியே எழுதப்பட்டன. முதலில் சாக்கெட் ஒன்றை உண்டாக்கு, பிறகு முகவரியோடு இணை, பிறகு பேசு என்பது அவற்றின் வழி. மினிக்ஸ் 2-இல் அந்த அழைப்புகள் இல்லை. டிசிபி கோப்பைத் திற, எந்த முகவரி எந்த எண் என்று கட்டளை கொடு, இணைக்கச் சொல் என்று அந்த இடங்களையெல்லாம் மாற்றி எழுத வேண்டும். இது பொறுமை வேண்டும் வேலையே ஒழியக் கடினமான வேலையன்று.

கடினம் எங்கே வருகிறது என்றால், முறைமையில் ஒரு வசதியே இல்லாதபோதுதான். டெல்நெட் ஒரே நேரத்தில் இரண்டு பக்கம் காது கொடுக்க வேண்டும். நாம் விசைப்பலகையில் தட்டுவதையும் கேட்க வேண்டும். தொலைவிலிருந்து வருவதையும் கேட்க வேண்டும். எந்தப் பக்கம் முதலில் செய்தி வரும் என்று முன்கூட்டித் தெரியாது. பெர்க்கிலி யுனிக்ஸில் "செலக்ட்" என்னும் அழைப்பு உண்டு. இரண்டில் எதில் செய்தி வந்தாலும் எழுப்பு என்று சொல்லிவிட்டு நிரல் உறங்கலாம். மினிக்ஸ் 2-இல் செலக்ட் இல்லை. விசைப்பலகையைப் படிக்கக் காத்திருந்தால் வலையில் வந்தது தேங்கும். வலைக்குக் காத்திருந்தால் நாம் தட்டியது தேங்கும்.

என்ன செய்தார்கள்? யுனிக்ஸின் பழைய அழைப்பாகிய "ஃபோர்க்" கைகொடுத்தது. ஓடிக்கொண்டிருக்கும் நிரல் தன்னைப் போலவே இன்னொன்றை ஈன்று இரண்டாகப் பிரிவது ஃபோர்க். பிரிந்தபின் ஒன்று விசைப்பலகையிலிருந்து வலைக்கு மட்டும் அனுப்பும். மற்றொன்று வலையிலிருந்து திரைக்கு மட்டும் கொண்டுவரும். ஒருவர் செய்த வேலையை இருவர் பகிர்ந்துகொள்கின்றனர். என் கருத்தில் இது செலக்டைவிடப் படிப்பதற்கு எளிதாகவே இருக்கிறது. ஆனால் ஒரு பணியாளர் இறந்தால் மற்றவரையும் நிறுத்த வேண்டும் என்பதை மறந்தால், யாருமற்ற நிரல் ஒன்று ஓடிக்கொண்டே இருக்கும். 2005-இல் வந்த மினிக்ஸ் 3-இல் பிறகு செலக்டும் சேர்ந்தது. சாக்கெட் அழைப்புகளை ஏற்றுக் கோப்பு வழிக்கு மொழிபெயர்க்கும் நூலகமும் வந்தது. அதன்பின் கருவிகளைக் கொண்டுவருவது விரைவாயிற்று.

எஃப்டிபி என்னும் கோப்பு மாற்றும் கருவியை மைக்கேல் டெமாரி என்பவர் மினிக்ஸுக்கென்றே எழுதினார். சில சமயம் பெயர்த்து அமைப்பதைவிடப் புதிதாக எழுதுவதே எளிது. காரணம் இடநெருக்கடி. பழைய 8088 கணினியில் மினிக்ஸ் நிரல் ஒன்றுக்குக் கட்டளைகளுக்கு 65,536 பைட்டும், தரவுக்கு 65,536 பைட்டும்தான் கிடைக்கும். அத்தகைய கணினியில் முழு எண் 16 பிட்; குறியோடு கூடிய எண் 32,767-ஐத் தாண்டாது. பெரிய கணினியில் எழுதிய நிரல் "இக்கோப்பின் நீளம் 70,000" என்று ஒரு முழு எண்ணில் வைத்தால் இங்கே 4,464 என்று மாறிவிடும். 70,000-இலிருந்து 65,536-ஐக் கழித்துப் பாருங்கள், புரியும். நிரல் நிற்காது, பிழை என்றும் சொல்லாது. கோப்பு மட்டும் பாதியில் நின்றுபோகும். இவ்வகைப் பிழைகளே மிகக் கொடியவை.

எண்களில் இன்னொரு வலையும் உண்டு. நாம் கடிதத்தில் கதவு எண்ணை முதலில் எழுதி ஊரைக் கடைசியில் எழுதுகிறோம். ஊரை முதலில் எழுதும் நாடுகளும் உள. கணினிகளும் அப்படியே. இரண்டு பைட் கொண்ட எண்ணில் எந்தப் பைட் முதலில் என்பதில் அவை வேறுபடும். இன்டெல் கணினி சிறிய மதிப்புள்ள பைட்டை முன்னால் வைக்கும். வலையிலோ பெரிய மதிப்புள்ள பைட் முன்னால் போக வேண்டும் என்பது உலக ஒப்பந்தம். டெல்நெட்டின் போர்ட் எண் 23. பைட்டுகளைத் திருப்ப மறந்தால் அது 23 × 256, அதாவது 5,888 ஆகிவிடும். வலைத்தளங்களின் போர்ட் எண் 80, திரும்பினால் 20,480. கதவு தட்டப்படும், ஆனால் வேறு கதவு! நிரலில் எவ்விதக் குற்றமும் கண்ணுக்குத் தெரியாது.

இதிலிருந்து ஒன்று விளங்கும். அழைப்புகளை மாற்றலாம், நிரலை இரண்டாகப் பிரிக்கலாம், புதிதாகவே எழுதலாம். ஆனால் கம்பியில் போகும் பைட்டுகளில் ஒன்றைக்கூட நம் வசதிக்கு மாற்ற முடியாது. எண்ணூர் நெடுஞ்சாலையில் வரிசையாக நிற்கும் டிரெய்லர்களைப் பார்க்கிறோமே, அவற்றின் மேலுள்ள கன்டெய்னர்களின் மூலைப் பூட்டுகள் உலகெங்கும் ஒரே அளவு. ஒரு துறைமுகம் தனக்கென்று ஓர் அளவு வைத்துக்கொண்டால் அங்கே எந்தக் கப்பலும் சரக்கு இறக்காது. எனவே புதிதாக வலைப்பகுதி எழுதுவோர் முதலில் பிங் என்னும் கருவியை ஓட்டிப் பார்ப்பர். 1983 டிசம்பரில் மைக் மூஸ் எழுதிய சிறு நிரல் அது. "இருக்கிறாயா?" என்று கேட்டு விடைக்குக் காத்திருப்பதே அதன் வேலை. மறுமுனையில் இருப்பது முற்றிலும் வேறு கணினி. அது விடை கூறினால் நம் பைட்டுகள் சரி என்று பொருள்.

கருவி வேறு, சேவை வேறு. கருவி நாம் வெளியே போவதற்கு. சேவை மற்றவர் உள்ளே வருவதற்கு. சேவையைக் கொண்டுவரும்போது முறைமையின் கதவைத் திறந்து வைக்கிறோம். டெல்நெட்டும் பழைய எஃப்டிபியும் கடவுச்சொல்லை மறைக்காமல் அப்படியே கம்பியில் அனுப்புபவை. இடையில் கேட்பவர் எவரும் படிக்கலாம். அதனாலேயே 1995-இல் பின்லாந்தின் டாட்டு யுலோனன் எஸ்எஸ்ஹெச் என்னும் மறைமொழி முறையை எழுதினார். அதைச் சிறிய முறைமைக்குக் கொண்டுவர வேண்டுமானால் எவராலும் ஊகிக்க முடியாத எண்களை உண்டாக்கும் வழி முதலில் வேண்டும். சிறிய முறைமைகளில் அதுவே பலசமயம் இருப்பதில்லை.

சேவையின் கதவு எவ்வளவு ஆபத்தானது என்பதற்கு 2017-இல் உலகமே சான்று கண்டது. இன்டெல் நிறுவனத்தின் கணினிச் சில்லுகளுக்குள் நிர்வாகத்திற்கென்று இன்னொரு சிறு கணினி மறைந்திருக்கிறது. தொலைவிலிருந்து அலுவலகக் கணினிகளைப் பராமரிக்க அதில் ஒரு வலைச்சேவையும் உண்டு. அச்சேவை கடவுச்சொல்லுக்கான விடையைச் சரிபார்த்த விதத்தில் ஒரு தவறு இருந்தது. சரியான விடையோடு, வந்த விடையை எழுத்தெழுத்தாக ஒப்பிட்டது. எத்தனை எழுத்து ஒப்பிடுவது என்பதை வந்த விடையின் நீளத்திலிருந்து எடுத்தது. ஒருவர் வெற்று விடையை அனுப்பினால்? சுழி எழுத்துகளை ஒப்பிடும். சுழி எழுத்துகளில் வேறுபாடு ஏது? கதவு திறந்துவிடும்! எழுதியவர் எத்தனையோ வரிகள் எழுதியிருப்பார். தவறு ஒரே ஒரு எண்ணில். 2017 மே மாதம் இது வெளிப்பட்டது. அதே ஆண்டில்தான், அந்த மறைவான கணினியின் புதிய வகைகளில் ஓடுவது நம் மினிக்ஸே என்பதும் தெரியவந்தது. (மேற்சொன்ன தவறு அச்சேவையினுடையது, மினிக்ஸினுடையது அன்று.) பாடம் நடத்த எழுதிய முறைமை எண்ணற்ற கணினிகளில் ஓடுவது டானன்பாமுக்கே செய்தி வந்தபின்தான் தெரிந்ததாம். முன்னரே ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம் என்று அவர் இன்டெலுக்குத் திறந்த கடிதம் எழுதினார்.

இன்று இவ்வேலையைப் பழகிப் பார்க்க விரும்புவோர்க்கு வேறொரு சிறிய முறைமை இருக்கிறது. அமெரிக்காவின் எம்.ஐ.டி. பல்கலைக்கழகம் 2006-இல் வகுப்புக்காக உருவாக்கிய எக்ஸ்வி6 அது. பின்னர் அது ரிஸ்க்-5 என்னும் எவரும் பயன்படுத்தக்கூடிய கட்டளைத் தொகுதிக்குப் பெயர்த்து அமைக்கப்பட்டது. அதே தொகுதியை வைத்து நம் ஐ.ஐ.டி. வடிவமைத்த சக்தி என்னும் சில்லு 2018-இல் லினக்ஸை ஓட்டிக் காட்டியது. எக்ஸ்வி6-இல் இயல்பாக வலைப்பகுதி கிடையாது. எம்.ஐ.டி. மாணவர்களுக்குத் தரப்படும் பயிற்சிகளுள் ஒன்று, அதற்கு வலை அட்டையின் டிரைவரை எழுதுவது. உண்மையான அட்டை தேவையில்லை. கெமு என்னும் இலவச நிரல் ஒரு கணினியையே பாவனை செய்து காட்டும்.

அந்தப் பயிற்சியில் பொட்டலங்களை வைக்க 16 இடங்கள் ஒரு வட்டமாக உள்ளன. நிரல் ஒவ்வோர் இடமாக நிரப்பிக்கொண்டு போகும். அட்டை பின்னாலேயே ஒவ்வொன்றாக எடுத்து அனுப்பி, முடிந்ததும் அவ்விடத்தில் ஓர் அடையாளம் இடும். நிரல் வேகமாக ஓடி ஒரு சுற்றுச் சுற்றி அட்டையைப் பிடித்துவிட்டால், இன்னும் அனுப்பாத பொட்டலத்தின் மேலேயே புதியதை எழுதிவிடும். ஆகையால் ஒவ்வொரு முறையும் எழுதுமுன் அந்த அடையாளம் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். அடையாளம் இல்லையென்றால் "இப்போது இடமில்லை" என்று அழைத்தவருக்குத் திருப்பிச் சொல்லிவிட வேண்டும். மேலே உள்ள நெறிமுறை டிசிபியாக இருந்தால் அது சற்றுப் பொறுத்து மீண்டும் அனுப்பும். யுடிபியாக இருந்தால் அந்தப் பொட்டலம் போனதுதான்.